செவில் – கோர்தோபா – கிரனாடா: கோச் பயணத்தில் அந்த ஒரு நாளை எப்படிச் செலவிடுவது?

அம்மாவுக்கு 64, அப்பாவுக்கு 68. ஜூன் முதல் வாரத்தில் குழுவோடு கோச் டூரில் ஸ்பெயின் போகிறார்கள். பயணத் திட்டத்தில் ஒரு நாளுக்கு எதிரே ‘செவில் – கோர்தோபா – கிரனாடா’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அந்த நாள் எப்படிப் போகும், எவ்வளவு நடக்க வேண்டும், சைவச் சாப்பாடு கிடைக்குமா, நேரம் போதாவிட்டால் எதை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோர்தோபாவின் மெஸ்கித்தாவை, அதாவது மசூதியாகக் கட்டப்பட்டுப் பின்னர் கதீட்ரலான அந்தப் பெருங்கட்டடத்தை, எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். வேறு எதை விட்டாலும் நஷ்டமில்லை. ஸ்பெயினில் பூக்கள் தொங்கும் சந்துகள் பல ஊர்களில் உண்டு, தோல் பொருள் கடைகளும் உண்டு. இந்தக் கட்டடம் ஒன்றுதான். ஆனால் குழுப் பயணத்தில் பெரும்பாலானவர்கள் அதற்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, மீதி நேரத்தைக் காந்த ஸ்டிக்கர் வாங்குவதில் கழித்துவிடுகிறார்கள். அம்மா அப்பா அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும், நாள் நன்றாக அமையும்.

மொத்தத்தில் அன்று சாலையில் நாலரை மணி நேரம் போகும். செவிலிலிருந்து கோர்தோபா சுமார் 140 கி.மீ., அகலமான ஏ-4 நெடுஞ்சாலை, நிறுத்தத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம். கோர்தோபாவிலிருந்து கிரனாடாவுக்குப் பாதையைப் பொறுத்து 160 முதல் 200 கி.மீ., இரண்டரை மணி நேரம். நடுவில் கோர்தோபாவில் நான்கு மணி நேரம் கிடைக்கும். அங்கே நடை ஏறத்தாழ 3 கி.மீ. மேடு பள்ளம் அதிகமில்லை. ஆனால் பழைய தெருக்களில் ஆற்றுக் கூழாங்கல் பதித்திருக்கும். அடிப்பாகம் மெல்லிய செருப்பு போட்டால் அரை மணி நேரத்தில் உள்ளங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். தடித்த அடிப்பாகமுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் சரி.

அன்று ஹோட்டல் மாறும் நாள் என்பதால் காலை வேலை முந்தின இரவே தொடங்குகிறது. பல டூர்களில் பெட்டியைக் காலை 7 மணிக்குள் அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், சிப்பந்தி வந்து எடுத்துப் போவார். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பாஸ்போர்ட்டையோ காலை மாத்திரையையோ போட்டுக்கொள்ள வேண்டிய ஷூவையோ பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவது. பெட்டி ஒருமுறை கோச்சின் அடி அறைக்குள் போய், மேலே நாற்பது பெட்டிகள் அடுக்கப்பட்டுவிட்டால், கிரனாடா போகும்வரை கைக்கு வராது. எனவே பாஸ்போர்ட், அன்றைய மாத்திரைகள், கண்ணாடி, தொப்பி, தண்ணீர் பாட்டில், மெல்லிய சால்வை எல்லாம் ஒரு சிறு தோள்பையில் இருக்கட்டும். பெட்டி ஏற்றப்படுவதை இருவரில் ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் கோச்சில் ஏறுவது நல்லது. ஓட்டுநர் எண்ணிக்கையைத்தான் சரிபார்ப்பார். வேறு குழுவின் பெட்டி ஒன்று கலந்து வந்துவிட்டால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், உங்கள் பெட்டி மட்டும் வரவேற்பறையிலேயே நிற்கும்.

புறப்படும் நேரம் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பல மனவருத்தங்கள் குறையும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி கோச் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை எடுத்தாக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். அன்றாட ஓய்வு 11 மணி நேரம். அதை 9 ஆகக் குறைக்கலாம், ஆனால் ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்த வாராந்திர ஓய்வுக்கும் நடுவே மூன்று முறைக்கு மேல் முடியாது. இவை எல்லாம் வண்டியிலுள்ள டாகோகிராஃப் கருவியில் பதிவாகிறது, மீறினால் அபராதம். முந்தின இரவு செவிலில் ஃபிளமெங்கோ நடனம் பார்த்துவிட்டு அதே கோச்சில் 11 மணிக்குத் திரும்பியிருந்தால், மறுநாள் காலை 8 மணிக்கே ஓட்டுநர் வண்டி எடுப்பது அந்த மூன்று சலுகைகளில் ஒன்றைச் செலவழித்துத்தான். ‘இன்னும் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாமே’ என்று குழு கேட்கும்போது டூர் மேனேஜர் மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இருக்கை விஷயத்தில் பல குழுக்களில் தினமும் வரிசை மாற்றும் முறை உண்டு, முன்வரிசை யாருக்கும் நிரந்தரம் கிடையாது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் அன்று இடப்பக்கம் உட்காருங்கள். கோர்தோபா செவிலுக்கு வடகிழக்கே இருப்பதால் காலை வெயில் முன்னாலிருந்தும் வலப்புறத்திலிருந்தும் வரும். பிற்பகலில் கிரனாடாவை நோக்கித் தென்கிழக்காகப் போகும்போதும் மேற்கு வெயில் வலப்புறக் கண்ணாடியில்தான் அடிக்கும். ஏ.சி. ஓடினாலும் இரண்டரை மணி நேரம் ஒரு தோளில் வெயில் படுவது வயதானவர்களைச் சோர்வாக்கும். சீட் பெல்ட் போடுவது ஸ்பெயினில் கட்டாயம்.

கோச்சில் கழிப்பறை இருந்தாலும் பல நேரங்களில் பூட்டியே வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடியதும் சாலையோர நிறுத்தத்தில் 20 நிமிடம் கொடுப்பார்கள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவதால் பெண்கள் கழிப்பறையில்தான் நேரம் போகும். அம்மா இறங்கியதும் நேராக அங்கே போகட்டும், அப்பா காபி வரிசையில் நிற்கட்டும். காபியை முதலில் குடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போகிறவர்கள்தான் கோச்சைக் காக்க வைக்கிறார்கள். வழியில் எசிஹா என்ற ஊர் வரும், அதற்கு ‘அண்டலூசியாவின் வாணலி’ என்று பெயர். கோடையில் இந்தச் சமவெளி முழுவதும் 40 டிகிரியைத் தாண்டும். கோர்தோபாவில் 2021 ஆகஸ்டில் 46.9 டிகிரி பதிவானது. ஜூன் முதல் வாரம் அவ்வளவு கொடுமை இல்லை என்றாலும் 35-ஐத் தொடுவது சகஜம். சாலையின் இருபுறமும் கோதுமையும் சூரியகாந்தியும் இருக்கும், ஜூனில் சூரியகாந்தி பூத்திருக்கும்.

கோர்தோபாவில் கோச்சுகள் பழைய ஊருக்குள் போக முடியாது, குவாதல்கிவீர் ஆற்றங்கரையில் இறக்கிவிடும். பல குழுக்களை எதிர்க்கரையில், கலஹோரா கோபுரத்தின் அருகே இறக்கி ரோமன் பாலத்தின் வழியாக நடத்திக் கூட்டிப் போவார்கள். 16 வளைவுகள் கொண்ட பாலம். ரோமானியர் காலத்தில் தொடங்கி, பின்னர் பலமுறை திருத்திக் கட்டியது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். நிழலே இல்லை. அந்தக் கரையிலிருந்து மெஸ்கித்தாவைப் பார்க்கும் காட்சி அருமையானது, படம் எடுக்க வேண்டுமானால் அங்கேயே எடுத்துவிடுவது நல்லது. திரும்பும்போது வெயில் உச்சியில் இருக்கும், நிற்க மனம் வராது. இறங்கிய இடமும் ஏறும் இடமும் வேறாக இருக்கலாம் என்பதை இப்போதே டூர் மேனேஜரிடம் கேட்டு, எந்தக் கரை என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கோர்தோபாவில் தொலைந்துபோகிறவர்கள் பெரும்பாலும் சரியான நேரத்துக்குத் தவறான கரையில் நிற்பவர்கள்தான்.

அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவர் சேர்ந்துகொள்வார். உங்கள் டூர் மேனேஜர் வேறு, இவர் வேறு. மெஸ்கித்தாவுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்றவர் இவர்தான். காதில் மாட்டிக்கொள்ளும் சிறு ரேடியோ கருவி ஒன்று தருவார்கள், டூர் ஆட்கள் ‘விஸ்பர்’ என்பார்கள். வாங்கியதும் சேனல் எண் சரியா, சத்தம் கேட்கிறதா என்று வெளியிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும், உள்ளே போனபின் மாற்றித் தர ஆள் இருக்காது. காதில் கரகரவென்று சத்தம் வந்தால் வழிகாட்டியை விட்டுத் தூரம் வந்துவிட்டோம் என்று பொருள், உடனே குழுவின் குடையையோ கொடியையோ தேட வேண்டும். காது மந்தமாக இருந்தால் வழிகாட்டியின் வாயைப் பார்க்கும்படி முன்னால் நிற்பதே நல்ல வழி.

இனி மெஸ்கித்தா. இது இன்றும் வழிபாடு நடக்கும் கதீட்ரல். தோள் மூடிய உடை வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் முற்பகல் இறுதியிலிருந்து பிற்பகல் வரை பூசைக்காக மூடிவிடுவார்கள். உங்கள் திட்டத்தில் அந்த நாள் ஞாயிறாக இருந்தால், கோர்தோபாவுக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறோம் என்று நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள். இந்தப் பதிலில் மிக முக்கியமான ஒரு கேள்வி இதுதான்.

ஆரஞ்சு மர முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி வரலாறு சொல்வார்கள். கூர்ந்து கேளுங்கள், உள்ளே போனபின் கண் வேறு எதையும் கேட்க விடாது. கட்டடத்தை 785 வாக்கில் தொடங்கியவர் கோர்தோபாவை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான். பிறகு இருநூறு ஆண்டுகளில் மூன்று முறை பெரிதாக்கினார்கள். 1236-இல் காஸ்தில் நாட்டின் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோ ஊரைக் கைப்பற்றியதும் இது தேவாலயமானது. இப்போது 850-க்கு மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன.

உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றுவிடச் சொல்லுங்கள். வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் இருட்டாகத்தான் இருக்கும், உடனே நடந்தால் தூணின் அடியில் இடறுவார்கள். கண் பழகியதும் கவனிக்க வேண்டியது தூண்களின் உயரமும் உச்சியில் செதுக்கிய தலைப்பகுதியும். முதல் பகுதியில் ஒரு தூண் போல இன்னொன்று இருக்காது. ரோமானியர், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியர் ஆகியோரின் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை, குட்டையானவை. அவ்வளவு பெரிய கூடத்துக்கு அந்த உயரம் போதாது. கூரை தலைமேல் அழுத்துவது போலிருக்கும். அதனால்தான் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவாக இரண்டு அடுக்கு எழுப்பினார்கள். கீழ் வளைவு தூண்களைச் சாயாமல் பிடிக்கிறது, மேல் வளைவு கூரையைத் தாங்குகிறது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவது செங்கல்லும் கல்லும். அழகுக்குச் செய்தது போலத் தெரியும் இந்த அமைப்பு ஒரு பற்றாக்குறையைச் சமாளிக்கப் பிறந்தது என்பது தெரிந்தபின் அந்தத் தூண்காட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

உள்ளே போகப் போக எந்தப் பகுதி யார் காலத்தது என்பதைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் 960-களில் கட்டிய பகுதியில் தூண்கள் இந்தக் கட்டடத்துக்கென்றே செய்தவை, கருநீலச் சாயலும் இளஞ்சிவப்புச் சாயலும் மாறி மாறி நிற்கும். அதன் முடிவில் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும், பொன்னிறக் கண்ணாடித் துண்டுகள் பதித்த மாடம். அந்த மொசைக்குக்குப் பைசாந்தியப் பேரரசரிடமிருந்து பொருளும் ஆளும் வந்தன. கிழக்குப் பக்கம், 987-இல் முதலமைச்சர் அல்-மன்சூர் விரித்த பகுதி. அங்கே தூண்கள் ஒரே மாதிரி இருக்கும். வளைவில் பல இடங்களில் செங்கல்லுக்குப் பதில் சிவப்பு வண்ணம் மட்டும் பூசியிருக்கும். அவசரமாகக் கட்டியது தெரியும். அங்கே கூட்டம் குறைவு, நின்று மூச்சுவிட நல்ல இடம்.

நடுவில் திடீரென்று வெளிச்சமும் உயரமுமாக ஒரு முழு தேவாலயம் எழுந்து நிற்கும். 1523-இல் தொடங்கி முடிய 80 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நகர மன்றம் எதிர்த்தது, பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் அனுமதித்தார். ‘எங்குமில்லாததை இடித்து எங்குமிருப்பதைக் கட்டிவிட்டீர்கள்’ என்று பின்னால் அவரே வருந்தியதாக ஒரு கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். என் கருத்தில் அந்தத் தேவாலயம் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக்கூடியது அல்ல. பாடகர் குழுவுக்கான மர இருக்கைகளில் 18-ஆம் நூற்றாண்டில் பெத்ரோ துக்கே கொர்னேஹோ செய்த செதுக்கு வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு இன்னொரு வசதி, இங்கே பெஞ்சுகள் உண்டு. தரையும் கட்டடம் முழுக்கச் சமமாக இருக்கும்.

வழிகாட்டியோடு சுற்றுவது உள்ளே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லாக் குழுக்களும் மிஹ்ராபின் முன் ஒரே நேரத்தில் குவிவதால் அங்கே தலைகளைத்தான் பார்ப்பார்கள். எனவே சுற்று முடிந்து குழு வெளியேறும்போது, டூர் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மா அப்பா உள்ளேயே இருந்துவிடலாம். வெளியே போய்விட்டால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியாது. அடுத்து யூதர் தெருக்களில் நடையும் கடையும்தான், அதைத் தாராளமாக விடலாம். ஒரு குழு போய் அடுத்தது வருவதற்குள் மிஹ்ராபின் முன் சில நிமிடம் வெறுமையாகக் கிடைக்கும். நண்பகல் வெயிலில் ஊரிலேயே குளிர்ச்சியான இடமும் இதுதான்.

குழுவோடு யூதர் குடியிருப்புக்குப் போகவே விரும்பினால், 1315-இல் கட்டிய சிறிய யூத ஆலயமும் கோர்தோபாவில் பிறந்த யூதத் தத்துவஞானி மெய்மோனிதேசின் சிலையும் போதும். ஆலயம் திங்களன்று மூடியிருக்கும். பூச்சந்து என்று கூட்டிப்போகும் இடம் முட்டுச்சந்து, மூன்று குழு ஒன்றாக நுழைந்தால் திரும்ப வழியிருக்காது. மெஸ்கித்தாவைச் சுற்றியும், மறுநாள் கிரனாடா கதீட்ரல் அருகிலும், ரோஸ்மேரிக் கொத்து ஒன்றைக் கையில் திணிக்கப் பார்க்கும் பெண்கள் இருப்பார்கள். வாங்கினால் கைரேகை பார்த்துவிட்டுப் பணம் கேட்பார்கள். கையை நீட்டாமல் நடந்துவிட வேண்டும். பை எப்போதும் முன்பக்கம்.

சாப்பாடு. ஸ்பெயினில் மதிய உணவுச் சமையலறை 1 மணிக்குத்தான் திறக்கும், உள்ளூர்க்காரர்கள் 2 மணிக்கு மேல்தான் வருவார்கள். கோச் 2.45-க்குக் கிளம்புமென்றால் 1 மணிக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும், அரை மணி தாமதித்தால் எல்லாக் குழுக்களும் வந்துவிடும். சைவம் என்று வரும்போது மூன்று இடத்தில் ஏமாற்றம் வரும். கோர்தோபாவின் பெயர்பெற்ற சால்மொரேஹோ தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த கெட்டிச் சாறு. அதுவரை சைவம்தான், ஆனால் மேலே அவித்த முட்டையும் பன்றி ஹாம் துண்டும் தூவித் தருவார்கள். ‘என்சலாதா மிஸ்தா’ என்ற கலவைச் சாலடில் டூனா மீன் இருக்கும். ‘பிஸ்தோ’ என்ற காய்கறிக் குழம்பின் மேல் பொரித்த முட்டை வரும். வெறும் ‘வெஹெத்தாரியானோ’ என்று சொன்னால் மீன் சேர்ந்து வரலாம். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உவேவோ’ (இறைச்சி, ஹாம், மீன், முட்டை இல்லாமல்) என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், காட்டினால் போதும். அதையும் சொல்லி, தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் கேட்கலாம். மெனுவில் ‘பெரென்ஹேனாஸ் கொன் மியெல்’ என்று இருக்கும். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த ‘எஸ்பினாக்காஸ் கொன் கர்பான்சோஸ்’ இருந்தால் நம் நாக்குக்கு மிக நெருக்கமானது அதுதான். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2022-இல் வந்த சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், ‘ஆகுவா தெல் கிரிஃபோ’ என்று கேளுங்கள்.

சொன்ன நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே கோச் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவது நல்லது. ஆற்றங்கரையில் கோச்சுகள் நீண்ட நேரம் நிற்க விடமாட்டார்கள். ஆள் வரவில்லையென்றால் வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டியிருக்கும். காலையில் இறங்கும்போதே கோச்சின் முன்கண்ணாடிப் பலகையையும் நம்பர் பிளேட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும், வரிசையில் நிற்கும் எல்லா வண்டிகளும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

பிற்பகல் பயணத்தில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். என்-432 சாலையில் போனால் அம்மா அப்பாவை விழித்திருக்கச் சொல்லுங்கள். பயேனா, அல்கவுதேத்தே, அல்கலா லா ரியால் என்று குன்றுக்குக் குன்று கோட்டை வரும். காரணம், கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் என்ற முஸ்லிம் வம்சத்தின் அரசுக்கும் கிறிஸ்தவ நாடான காஸ்தில்லுக்கும் நடுவே எல்லை இங்கேதான் இருந்தது. அல்கலா லா ரியால் 1341-இல் காஸ்தில் கைக்குப் போனது, கிரனாடா விழ இன்னும் 150 ஆண்டு ஆனது. இரண்டு பக்கமும் ஆலிவ் மரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வேறு பயிரே இல்லை. உலகிலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் தரும் ஹயேன் மாகாணத்தின் ஓரத்தைத் தொட்டுத்தான் சாலை போகிறது. ஒரு திசைக்கு ஒரே தடம் கொண்ட சாலை என்பதால் லாரிக்குப் பின்னால் மாட்டினால் 20 நிமிடம் கூடும். ஊர் நெருங்கும்போது சியெர்ரா நெவாதா மலை தெரியும், ஜூன் தொடக்கத்தில் உச்சியில் பனி மிச்சமிருக்கும்.

ஐந்தரை, ஆறு மணிக்கு ஹோட்டல். ஸ்பெயினில் தங்குபவர் விவரங்களைப் பதிவது சட்டம், எனவே பாஸ்போர்ட் கேட்பார்கள். சாப்பாடு 8 மணிக்கு மேல்தான். நடக்கத் தெம்பிருந்தால், சான் நிக்கோலாஸ் மேட்டிலிருந்து, கிரனாடாவின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவின் மேல் மாலை வெயில் விழுவதைப் பார்க்கலாம். அந்த மேடு இருக்கும் பழைய குடியிருப்பான அல்பைசினின் சந்துகளுக்குள் பெரிய கோச் நுழையாது, ஓட்டுநரின் நேரமும் முடிந்திருக்கும். டாக்ஸியிலோ பிளாசா நுவேவாவிலிருந்து சி31 மினி பஸ்ஸிலோ போகலாம். சூரியன் மறைய 9.30 ஆகும். ஊர் 700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அதன்பின் குளிரும், சால்வை அப்போதுதான் உதவும்.

களைப்பாக இருந்தால் போக வேண்டாம், படுத்துவிடட்டும். மறுநாள் அல்ஹம்ப்ராவில் மூன்று மணி நேரம் நடை இருக்கிறது. அங்கே சீட்டு ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கும், நுழைவாயிலில் அசல் பாஸ்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய அரை மணி நேரக் கெடு ஒன்று உண்டு, ஒருவர் பாஸ்போர்ட்டை மறந்து ஹோட்டலுக்கு ஓடினால் மொத்தக் குழுவும் அந்தக் கெடுவைத் தவறவிடும். எனவே வரவேற்பறையில் கொடுத்த பாஸ்போர்ட் திரும்ப வந்ததும் அறை லாக்கரில் வைக்காமல் மறுபடி தோள்பையிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.